வானத்துக்குப் பட்டா வழங்குபவர் யார்? சிறுகோள்களின் பெயர்களும் சென்னையின் பங்கும்

சில மாதங்களுக்கு முன் திருவொற்றியூரில் உறவினர் இல்லத்தில் ஓர் அகீகா விருந்து. குழந்தைக்கு முடி களைந்து, நல்லதொரு பெயர் சூட்டி, துஆ ஓதி முடித்த நேரம். வெளிநாட்டில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் கண்ணாடிச் சட்டமிட்ட சான்றிதழ் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். விண்ணில் சுழலும் ஒரு பொருளுக்கு இக்குழந்தையின் பெயர் பதிவு செய்யப்பட்டுள்ளதாக அதில் பொன்னெழுத்துகளில் அச்சிடப்பட்டிருந்தது. இணையத்தில் சில ஆயிரம் ரூபாய் செலுத்தி வாங்கியதாம். எல்லோரும் மகிழ்ந்தார்கள். குழந்தையின் பாட்டியார் மட்டும் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "ஏன் தம்பி, இங்க கால் கிரவுண்டுக்கே பட்டா வாங்க முடியல. வானத்துல இருக்கறதுக்கு யாரு பட்டா குடுக்கறாங்க?"

அன்று எனக்கு மறுமொழி கூறத் தெரியவில்லை. பின்னர் தேடிப் படித்தபோது, அந்தக் கேள்விக்கான விடை இரு நூற்றாண்டு வரலாறாக விரிந்தது. அவ்வரலாற்றில் நம் சென்னைக்கும், நாம் நாள்தோறும் கடந்து செல்லும் துறைமுகத்துக்கும், நம் முன்னோரான முஸ்லிம் அறிஞர்களுக்கும் இடமுண்டு என்பதையும் அறிந்தேன்.

மன்னர் பெயர் நிலைக்கவில்லை

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சூரியனைச் சுற்றிவரும் பாறைக் கோளங்களே பெரும்பாலான சிறுகோள்கள். அவற்றுள் முதலாவது 1801 ஜனவரி 1 அன்று, சிசிலித் தீவின் பலெர்மோ நகரில், ஜுசெப்பே பியாத்ஸி என்னும் பாதிரியாரான வானியலாளரின் கண்ணில் பட்டது. (ஒன்பதாம் நூற்றாண்டு முதல் பதினோராம் நூற்றாண்டு வரை முஸ்லிம்கள் ஆண்ட நகரம் அது.) அவர் அதற்குச் 'சீரிஸ் ஃபெர்டினாந்தியா' என்று பெயரிட்டார். சீரிஸ் என்பது ரோமானியர் வணங்கிய தானிய தேவதையின் பெயர். ஃபெர்டினாந்து என்பது பியாத்ஸியை ஆதரித்த மன்னரின் பெயர். பிற நாட்டு வானியலாளர்கள் முதற்பாதியை ஏற்றுக்கொண்டு, மன்னரின் பெயரை உதிர்த்துவிட்டனர். அதற்குச் சில ஆண்டுகள் முன்னர்த் தாம் கண்ட கோளுக்கு வில்லியம் ஹெர்ஷல் இங்கிலாந்து மன்னர் ஜார்ஜின் பெயரை இட்டிருந்தார். அதுவும் நிலைக்கவில்லை. இன்று அக்கோளை யுரேனஸ் என்றே உலகம் அழைக்கிறது.

அடுத்தடுத்து வந்தவற்றுக்குக் கிரேக்க, ரோமானியப் புராணப் பெயர்களே சூட்டப்பட்டன. இப்பெயர்கள் நம் வாசகர் சிலருக்கு நெருடலாக இருக்கக்கூடும். ஆயினும் இவை அடையாளம் காட்டும் சொற்களேயன்றி, நம்பிக்கையின் அறிக்கைகள் அல்ல. வியாழன், சனி என்று கிழமைகளைச் சொல்கையில் நாம் எந்தக் கோளையும் வணங்குவதில்லை அல்லவா? அது போன்றதே இதுவும்.

சென்னையிலிருந்து 'ஆசியா'

1861ஆம் ஆண்டின் சென்னையை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். துறைமுகச் சுவர்கள் இன்னும் எழவில்லை. கப்பல்கள் கரைக்கு அப்பால் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்கும். அலைகளின் மீது மசூலாப் படகுகள் ஆளையும் சரக்கையும் ஏற்றி இறக்கும். இராயபுரத்தில் தென்னிந்தியாவின் முதல் இரயில் நிலையம் திறந்து ஐந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. கப்பலுக்கும் இரயிலுக்கும் ஒரே தேவை, துல்லியமான நேரம். அந்த நேரத்தைக் கணித்துக் கொடுத்தது நுங்கம்பாக்கத்தில் இருந்த சென்னை வானாய்வகம்.

கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியான வில்லியம் பெட்ரி 1786இல் தம் சொந்த முயற்சியில் தொடங்கியதை, பின்னர்க் கம்பெனி ஏற்று நடத்தியது. 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுந்தது. கடலில் திசையும் தூரமும் அறிவதற்கு வானத்தை அளந்தாக வேண்டும் என்பதே அதன் நோக்கம். தொலைநோக்கியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்றும் கல்லூரிச் சாலையில் உள்ள வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. அதில் பிற மொழிகளுடன் தமிழ் எழுத்துகளும் பொறிக்கப்பட்டுள்ளன.

கோட்டையில் முழங்கிய நேரப் பீரங்கிக்கும், இரயில் நிலையங்களின் கடிகாரங்களுக்கும் நேரம் இங்கிருந்தே சென்றது. 'மதராஸ் நேரம்' இந்திய இரயில்வேயின் பொது நேரமாக நெடுங்காலம் விளங்கிற்று. 1906இல்தான் இந்தியச் சீர்நேரம் நடைமுறைக்கு வந்தது. அது மதராஸ் நேரத்தைவிட ஏறத்தாழ ஒன்பது நிமிடம் முன்னே ஓடுவது. உங்கள் பள்ளிவாசல் சுவரில் தொங்கும் தொழுகை நேர அட்டவணையைப் பாருங்கள். சென்னையில் சூரியன் உச்சி சாயும் நேரம் ஆண்டுச் சராசரியாகப் பன்னிரண்டு மணிக்குச் சுமார் ஒன்பது நிமிடம் கழித்தே வரும். லுஹர் தொழுகையின் தொடக்கத்தில் பழைய மதராஸ் நேரம் இன்னும் மறைந்து நிற்கிறது.

இந்த ஆய்வகத்துக்கு அரசு வானியலாளராக 1861இல் வந்து சேர்ந்தவர் நார்மன் ராபர்ட் போக்சன். வந்த சில மாதங்களுக்குள், ஏப்ரல் 17 இரவில், புதிய சிறுகோள் ஒன்றைக் கண்டறிந்தார். அக்காலத்தில் அது எளிய வேலையன்று. சிறுகோள் தேடலில் ஒளிப்படத் தட்டு நுழையாத காலம். வானத்தின் ஒரு பகுதியில் உள்ள விண்மீன்களையெல்லாம் தாளில் குறித்துக்கொண்டு, மறுநாளும் அதற்கடுத்த நாளும் அதே பகுதியைப் பார்த்து, இடம் மாறிய புள்ளி எது என்று கண்ணால் தேட வேண்டும். ஆயிரம் புள்ளிகளுக்கு நடுவே நகரும் ஒன்றே சிறுகோள்.

வரிசையில் 67ஆவதாக அமைந்த அதற்குப் போக்சன் 'ஆசியா' என்று பெயர் வைத்தார். கிரேக்கப் புராணத்தில் அப்பெயருடைய பாத்திரம் ஒன்று உண்டு. ஆனால் உண்மையான காரணம் வேறு. ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் அது. நம் ஊரின் வானம் ஒரு கண்டத்தின் பெயரை விண்ணில் பதித்தது.

தொடர்ந்து 1864இல் 'சாஃபோ', 1866இல் 'சில்வியா', 1868இல் 'கமில்லா', 1885இல் 'வேரா' ஆகியவை சென்னையிலிருந்து கண்டறியப்பட்டன. சாஃபோ பழங்காலக் கிரேக்கப் பெண் கவிஞர். சில்வியா ரோம் நகரை நிறுவியதாகக் கதைகள் கூறும் ரோமுலஸ், ரீமஸ் இரட்டையரின் தாய். பின்னாளில் சில்வியாவைச் சுற்றி இரண்டு சிறு நிலவுகள் ஓடுவது கண்டறியப்பட்டபோது, அவற்றுக்கு அவ்விரு பிள்ளைகளின் பெயர்களையே சூட்டினார்கள். இரு நிலவுகள் கொண்டதாக முதன்முதலில் அறியப்பட்ட சிறுகோள் நம் சென்னையில் கண்டறியப்பட்ட சில்வியாதான். 'வேரா' என்ற இலத்தீன் சொல்லுக்கோ 'உண்மையானது' என்று பொருள்.

இந்த ஐந்து பெயர்களில் ஒன்றுகூட இந்த மண்ணின் மனிதருடையதன்று. ஆய்வகத்தின் அன்றாட உழைப்பிலோ இந்த மண்ணின் மைந்தர் பலர் இருந்தனர். சிந்தாமணி ரகுநாதாச்சாரி இளம் வயதில் அங்கு வேலைக்குச் சேர்ந்து முதல் உதவியாளர் நிலைக்கு உயர்ந்தவர். 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். இங்கிலாந்தின் ராயல் வானியல் கழகத்தில் உறுப்பினரான முதல் இந்தியரும் அவரே. 1874இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்த நிகழ்வை மக்களுக்கு விளக்க அவர் வெளியிட்ட நூல் உருது உள்ளிட்ட பல மொழிகளில் வந்தது.

போக்சனின் மகளின் கதையும் நினைக்கத் தக்கது. அவர் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தபோது 1856இல் கண்டறிந்த முதல் சிறுகோளின் பெயர் 'ஐசிஸ்'. மகளின் பெயரும் எலிசபெத் ஐசிஸ் போக்சன். 1873 முதல் சென்னை ஆய்வகத்தில் தந்தைக்கு உதவியாளராகப் பணியாற்றிய அவரை, 1886இல் ராயல் வானியல் கழகத்தின் உறுப்பினராக்க முன்மொழிந்தார்கள். பெண் என்பதால் அது நிறைவேறவில்லை. 1920இல்தான் அந்தக் கதவு அவருக்குத் திறந்தது. தம் பெயர் வானத்தில் சுழன்றுகொண்டிருக்கத் தரையில் அறுபத்தெட்டு வயது வரை அவர் காத்திருக்க நேர்ந்தது.

ஐம்பது பவுனுக்கு ஒரு பெயர்

'வேரா' கண்டறியப்பட்ட அதே 1885ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் ஒரு வியாபாரம் நடந்தது. வியன்னாவைச் சேர்ந்த யோஹான் பலீசா பல சிறுகோள்களைக் கண்டவர். சூரிய கிரகணம் பார்க்கச் செல்லும் பயணத்துக்குப் பணம் தேவைப்பட்டதால், தாம் கண்ட சிறுகோள் ஒன்றுக்குப் பெயரிடும் உரிமையை ஐம்பது பவுனுக்கு விற்க முன்வந்தார். ராத்ஷீல்டு குடும்பத்துச் செல்வந்தர் ஒருவர் அதை வாங்கித் தம் மனைவியின் பெயரை இட்டார். 250ஆம் எண்ணுள்ள 'பெட்டினா' அதுவே.

அப்படியானால் பாட்டியார் பார்த்த சான்றிதழும் செல்லுமோ? செல்லாது. அந்தப் பழைய நடைமுறை முடிந்து நெடுங்காலமாயிற்று. 1919இல் தோன்றிய சர்வதேச வானியல் ஒன்றியமே இன்று விண்பொருள்களின் பெயர்களுக்கு அதிகாரம் பெற்ற அமைப்பு. அது எந்தப் பெயரையும் எவருக்கும் விற்பதில்லை. விற்பதாகச் சொல்லும் நிறுவனம் தருவது தன் சொந்தப் பதிவேட்டின் ஒரு தாளை மட்டுமே. எந்த வானியலாளரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை.

பட்டா வழங்கும் முறை

உண்மையான முறை பொறுமையைக் கோருவது. புதிய சிறுகோள் ஒன்று தென்பட்டால் அதற்கு முதலில் ஒரு தற்காலிகக் குறியீடு கிடைக்கும். அதில் முதலில் ஆண்டு இருக்கும். அடுத்து வரும் ஆங்கில எழுத்து எந்த மாதத்தின் எந்தப் பாதி என்பதைக் காட்டும். அதன்பின் உள்ள எழுத்தும் எண்ணும் அந்த அரை மாதத்தில் அது எத்தனையாவது கண்டுபிடிப்பு என்பதைக் கூறும். பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, அதன் பாதை ஐயமின்றி உறுதியான பின்னரே நிலையான எண் வழங்கப்படும். எண் கிடைத்த பின் பத்து ஆண்டுகளுக்குப் பெயரை முன்மொழியும் உரிமை கண்டுபிடித்தவருக்கு உண்டு. அதை ஒன்றியத்தின் குழு ஒன்று ஆராய்ந்து ஏற்கும் அல்லது மறுக்கும்.

பெயர் பதினாறு எழுத்துகளுக்கு மிகாமல் இருக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள பெயரோடு குழம்பக் கூடாது. எவரையும் புண்படுத்தக் கூடாது. வணிகப் பெயர்களுக்கு இடமில்லை. அரசியலாலோ போராலோ புகழ்பெற்றவராயின், அவர் இறந்து நூறு ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும். பதவியில் இருப்பவரை மகிழ்விக்கப் பெயர் சூட்டும் வழி இவ்விதம் அடைக்கப்பட்டுள்ளது. கண்டுபிடித்தவர் தம் பெயரைத் தாமே இட்டுக்கொள்வதும் மரபன்று. 1830ஆம் எண்ணுள்ள சிறுகோளின் பெயர் 'போக்சன்'. அவர் மறைந்து பல்லாண்டுகளுக்குப் பின் பிறர் அளித்த மரியாதை அது. இவற்றோடு, ஏன் இந்தப் பெயர் என்று விளக்கும் சில வரிகளையும் முன்மொழிபவர் எழுதித் தர வேண்டும். அவ்வரிகள் பெயருடன் சேர்ந்தே வெளியாகும்.

நிலையான எண் பெற்ற சிறுகோள்கள் இன்று ஏழு இலட்சத்துக்கும் மேல். அவற்றுள் பெயர் பெற்றவை ஏறத்தாழ இருபத்தைந்தாயிரம். நூற்றில் நான்குகூட இல்லை.

துறைமுகத்து எழுத்தர்

போக்சன் 1891இல் சென்னையிலேயே காலமானார். 1899இல் வானியல் பணிகள் கொடைக்கானலுக்குப் பெயர்ந்தன. அந்த மரபின் வழிவந்த இந்திய வான் இயற்பியல் நிறுவனம், ஜவ்வாது மலையில் காவலூர் என்னுமிடத்தில் ஆய்வகம் ஒன்றை நடத்துகிறது. 1988 பிப்ரவரி 17 அன்று, அங்கிருந்து ஆர். இராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டறிந்தார். 'வேரா'வுக்குப் பின் நூறாண்டுகளுக்கும் மேல் கடந்து இந்திய மண்ணில் மீண்டும் தொடங்கிய தேடலின் பயன் அது. அதன் தற்காலிகக் குறியீடு 1988 டிகியூ1. இதில் 'டி' என்பது பிப்ரவரியின் பிற்பாதியைக் குறிக்கும். நிலையான எண் 4130. பெயர், 'ராமானுஜன்'.

இப்பெயர் வடசென்னையில் வாழும் நம் மனத்தைத் தொட வேண்டிய பெயர். கணித மேதை சீனிவாச இராமானுஜன் 1912 மார்ச் 1 அன்று சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் கணக்குப் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்தார். மாதச் சம்பளம் முப்பது ரூபாய். கல்லூரித் தேர்வுகளில் தேறாதவர். பட்டம் இல்லாதவர். பகலில் துறைமுகக் கணக்கு, இரவில் தம் கணிதம். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய புகழ்பெற்ற கடிதம், தாம் துறைமுகக் கணக்குப் பிரிவில் ஓர் எழுத்தர் என்ற அறிமுகத்துடனேயே தொடங்குகிறது. 1914 மார்ச்சில் இந்தக் கரையிலிருந்தே கப்பலேறினார்.

சிசிலியின் மன்னருக்குக் கிட்டாத இடம் முப்பது ரூபாய் எழுத்தருக்குக் கிடைத்தது. அவர் அதைக் கேட்கவில்லை. அதற்காக ஒரு காசும் கொடுக்கவில்லை. மறைந்து அறுபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் கண்டறியப்பட்ட ஒரு பாறைக்கு, அவரை அறியாத ஒருவர் நன்றியுடன் அவர் பெயரை வைத்தார். இப்போதும் இராயபுரத்திலும் காசிமேட்டிலும் நம் பிள்ளைகள் பலர் சரக்குக் கணக்கு எழுதியும் கப்பல் முகவர் அலுவலகங்களில் வேலை பார்த்தும் பிழைக்கின்றனர். அவர்களுக்கு இந்தச் செய்தியை யாரேனும் சொல்லியிருக்கிறோமா?

காவலூரில் கண்டறியப்பட்ட மற்றொரு சிறுகோளின் பெயர் '5178 பட்டாழி'. கேரளத்தைச் சேர்ந்த விலங்கியல் அறிஞர் சைனுதீன் பட்டாழியைச் சிறப்பிப்பது அது. சென்னையில் வளர்ந்த சதுரங்க வீரர் விசுவநாதன் ஆனந்தின் பெயரையும் 'விஷிஆனந்த்' என்று 4538ஆம் எண்ணுள்ள சிறுகோள் தாங்குகிறது.

நம் முன்னோரின் பெயர்கள்

விண்மீன்களின் பெயர்களில் அரபுச் சொற்கள் நிறைந்திருப்பதைப் பலர் அறிவர். சிறுகோள்களிலும் முஸ்லிம் அறிஞர்களின் பெயர்கள் உள்ளன. ஆனால் பல இலத்தீன் வடிவில் இருப்பதால் நம் பிள்ளைகளுக்கு அவை நம்மவர் பெயர்கள் என்றே தெரிவதில்லை. '2755 அவிசென்னா' என்பவர் மருத்துவ மேதை இப்னு சீனா. '59239 அல்ஹாசென்' என்பவர் ஒளியியலுக்கு அடித்தளமிட்ட இப்னு அல்-ஹைதம். '12621 அல்சூஃபி' பத்தாம் நூற்றாண்டில் விண்மீன்களின் நூலை எழுதிய அப்துர் ரஹ்மான் அஸ்-சூஃபி. '10269 தூஸி' மராகா ஆய்வகத்தை நடத்திய நஸீருத்தீன் தூஸி. அல்-குவாரிஸ்மியின் பெயரோ இருவேறு எழுத்து வடிவங்களில் 11156, 13498 என்னும் இரண்டு சிறுகோள்களுக்கு உண்டு. உங்கள் கைப்பேசியை இயக்கும் 'அல்காரிதம்' என்ற சொல் அவர் பெயரிலிருந்து பிறந்ததே.

'9936 அல்-பிரூனி' நமக்கு இன்னும் நெருக்கமானவர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தத் துணைக்கண்டத்துக்கு வந்து, சமஸ்கிருதம் பயின்று, இங்குள்ள மக்களின் கணிதத்தையும் வானியலையும் நம்பிக்கைகளையும் இகழாமல் பதிவு செய்தவர். மலையுச்சியிலிருந்து அடிவானத்தின் தாழ்வை அளந்து பூமியின் ஆரத்தைக் கணித்தவர்.

'2439 உலுக்பெக்' ஓர் அரசர், தைமூரின் பேரர். ஆயினும் அவர் பெயர் வானில் இருப்பது அரியணையினால் அன்று. சமர்கந்தில் ஆய்வகம் எழுப்பி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் இடங்களை அளந்து 1437இல் அட்டவணையாக்கிய உழைப்பினால். அவருடைய அரசு அழிந்தது, அட்டவணை வாழ்கிறது.

உலுக்பெக், அவிசென்னா ஆகிய பெயர்களைத் தாங்கும் சிறுகோள்களைக் கிரிமியாவில் கண்டறிந்தோர் ரஷ்ய வானியலாளர்கள். அல்-பிரூனிக்குரியதைப் பல்கேரியாவிலிருந்து கண்டறிந்தோர் பெல்ஜிய, பல்கேரிய வானியலாளர்கள். நம் முன்னோரின் பெயர்களை வானில் ஏற்றிவைத்தவர்கள் நம் மொழியினரும் அல்லர், நம் மார்க்கத்தினரும் அல்லர். அறிவால் கிடைத்த பயனுக்கு அவர்கள் செலுத்திய நன்றிக்கடன் அது.

பாட்டியாருக்கு மறுமொழி

ஆதம் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் எல்லாப் பொருள்களின் பெயர்களையும் கற்றுக்கொடுத்ததைத் திருக்குர்ஆன் வழி நாம் அறிவோம். பெயரிடுவதும் பெயரறிவதும் மனிதனுக்கு அளிக்கப்பட்ட சிறப்பு. அது ஓர் அமானிதமும்கூட. பெயரை இட்டதனால் பொருள் நம் உடைமையாகிவிடாது. வானங்களும் பூமியும் எவனுக்கு உரியவையோ அவனுக்கே உரியவை.

சென்ற வாரம் அந்த வீட்டுக்கு மீண்டும் சென்றேன். சான்றிதழ் கூடத்துச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. அன்பால் கொடுத்த பரிசை இகழ எனக்கு மனமில்லை. ஆனால் கேட்டதற்கு உண்மையைச் சொல்லாமல் இருக்கவும் இயலவில்லை. "இந்தத் தாள் செல்லாதும்மா. வானத்துல பேரு வாங்க முடியாது. யாராவது குடுக்கணும்" என்றேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பின்னர்த் தொட்டிலை ஆட்டிக்கொண்டே, "அப்போ இவன் நல்லாப் படிக்கட்டும், இன்ஷா அல்லாஹ்" என்றார்.

மஃரிப் தொழுகைக்குப் பின் மாடிக்குச் சென்றேன். எண்ணூர்ப் பக்கம் ஆலைகளின் வெளிச்சத்தில் வானம் வெளிறிக் கிடந்தது. ஓரிரு விண்மீன்களே தெரிந்தன. சிறுகோள்கள் தொலைநோக்கியின்றித் தெரியப்போவதில்லை. ஆயினும் துறைமுகத்து எழுத்தரின் பெயரும், பூமியை அளந்த பிரூனியின் பெயரும் அங்கே எங்கோ சுழன்றுகொண்டிருக்கின்றன என்ற எண்ணம் மனத்துக்கு இதமாக இருந்தது.

ஒரு பெயரோடு சேர்த்து அதற்கான காரணத்தைச் சில வரிகளில் எழுதித் தர வேண்டும் என்று பார்த்தோம். நம் பிள்ளைகளுக்கு நல்ல பெயரை ஏழாம் நாளிலேயே சூட்டிவிடுகிறோம். அதற்குரிய அந்தச் சில வரிகளை எழுத அவர்களுக்கு ஒரு வாழ்நாள் இருக்கிறது. அதற்குத் துணைநிற்பதே பெற்றோராகிய நம் கடமை.

அல்லாஹ் யாவற்றையும் நன்கறிந்தவன்.